முதுகில் எண்ணிய பாண்டா

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். எவ்வளவு அலுப்பிலும் பின்னல் புத்தகங்கள் சேர்ப்பதை விடவில்லை. அதிலொன்றைப் பார்த்து என் ஸ்வெட்டரின் முதுகில் பாண்டா கரடி பின்னினேன். பேரனுக்குப் பின்ன அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு ரோஸம்மா கேட்டாள். வேறு யாரிடமும் அந்தக் கரடி இருக்கக் கூடாதென்று, "தொலைஞ்சு போச்சு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, கட்டம் போட்ட தாளொன்றை நீட்டினாள்.

"மாதா கோயில்ல உங்க பின்னாடியே உக்காந்து கரடியோட பின்னல் கண்ணியெல்லாம் எண்ணிட்டேன்க்கா. சாமி பிரசங்கம் ஒண்ணும் காதுல ஏறல. புத்தகம் தொலைஞ்சிட்டுன்னீங்களே, உங்களுக்கும் ஒண்ணு எழுதினேன்."

வாங்கிக்கொண்டேன். பொய் இவ்வளவு அலுப்பான வேலையென்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கொழுந்து எடுக்கும்போது உண்மையைச் சொன்னேன். சாயங்காலம்வரை அவள் வேறு வரிசைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாள்.