வண்டி நிழலில் படுத்த சிங்கமும் மிச்சமிருந்த மூன்று படங்களும்

வனவிலங்குகள் மேல் எனக்கிருந்த தீராக் காதலால்தான் ஆப்பிரிக்கா போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. 1999 பிப்ரவரியில் கம்பெனி என்னை ஃப்ரீமான்டிலிருந்து டெக்சாஸ் இர்விங்குக்கு மாற்றியது. பள்ளிக்கூட வருடத்தின் நட்டநடுவில் பெட்டி கட்டினோம். பதின்மூன்று வயது மகள் காவ்யா தன் உயிர்த்தோழியை அங்கே விட்டுவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து என்னிடம் அவள் பேசியது மூன்றே வார்த்தைகள்: "ஃபைன்", "ஓகே", "வாட்எவர்". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஆறு மாதம் குடும்பம் நடத்தியவன் நான். உலகப்போரை முடித்தவர்களுக்குக்கூட அகராதி இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

கடைசியில் சமாதானக் கொடி காட்டி, "என்னதாம்மா வேணும் உனக்கு?" என்றேன்.

சுவர் முழுக்கச் சிங்கப் படம் ஒட்டியிருப்பவள் யோசிக்கவே இல்லை. "ரியல் லயன். ஒரே ஒரு போட்டோ. ஜஸ்ட் த லயன், அப்பா. நோ பீப்பிள்." அதை ஃப்ரீமான்ட் தோழிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"ஒண்ணு என்ன, ஆப்பிரிக்காவையே மடிச்சுக் கொண்டாந்து தரேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதம் புறப்பட்டோம். டாலஸிலிருந்து லண்டன் ஒன்பது மணி நேரம். லண்டனில் நாற்காலியில் ஏழு மணி நேரம். அங்கிருந்து நைரோபி எட்டரை மணி நேரம். மனைவி சரசு கட்டி எடுத்து வந்த புளியோதரை லண்டனிலேயே காலி. மலேரியா மாத்திரை வாரத்துக்கு ஒன்று. அதைப் போட்ட அன்று கனவில் என் மேனேஜர் நீர்யானையாக வந்து ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கேட்டார்.

கேமரா என்னுடையது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் மட்டும் இரவல். பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் சரசுவின் தம்பி பார்சலில் அனுப்பி, கூடவே போனில் மிரட்டலும் அனுப்பினான்: "மச்சான், லென்ஸ் கீழ விழுந்தா நீங்களும் கூடவே விழுந்துடுங்க." ஒரு முழ நீளம். அதைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தபோது ஏர்போர்ட் செக்யூரிட்டி பீரங்கிப் படை வருவதாக நினைத்து இரண்டு முறை திறந்து பார்த்தது.

நைரோபியிலிருந்து மாசாய் மாரா சுமார் 270 கிலோமீட்டர். எங்களுக்கு ஆறேகால் மணி நேரம் ஆனது. கடைசிப் பகுதியில் சாலை என்று ஒன்று இல்லை, சாலையைப் பற்றிய வதந்திதான் இருந்தது. என் முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. டிரைவர் சாமுவேல் ஐம்பது வயதுக்காரர், பொறுமையின் திருவுருவம். அந்த ஊர் மரியாதைப்படி, அப்பா, அம்மா என்ற பொருளில், என்னை "பாபா" என்றும் சரசுவை "மாமா" என்றும் கூப்பிட்டார். நான் சாமியாராகவும் அவள் எனக்கே மாமாவாகவும் நாலு நாள் இருந்தோம். வண்டி, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 640 டாலர், விமானம் தனி.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆள் இல்லாத படம் எடுத்தால் ஃபிலிம் தண்டம். நயாகரா ஆனாலும் கோல்டன் கேட் ஆனாலும் முன்னால் நம்மவர் ஒருவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், "இது காலண்டர்ல இருந்து எடுத்ததா?" என்பார்கள். இருபது வருடப் பழக்கம். கண் கேமராவுக்குப் போகும் முன்பே வாய் "சரசு, கொஞ்சம் லெஃப்ட்ல வா" என்று சொல்லிவிடும். சரசுவும் அப்படியே. சல்வார், அதன்மேல் ஸ்வெட்டர், காலில் ஸ்னீக்கர்ஸ் என்ற நம் தேசிய உடையில், திறந்த கூரை வழியாக எழுந்து நின்று தலைமுடியை ஒதுக்கிவிடுவாள்.

முதல் நாள் ஒரு ஆண் யானை காதை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. நாற்பது அடி தூரம். காது ஒவ்வொன்றும் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் அளவு. சாமுவேல் ரிவர்ஸ் போட்டார். உயிர் போகிற அந்த நேரத்தில் இந்த வீரன் கத்தியது என்ன தெரியுமா? "சரசு, சிரி!"

இரண்டாம் நாள் காட்டெருமை. கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதோடும் சரசு. அன்று மதியம் இருநூறு அடி தள்ளிப் புதர் ஓரத்தில் முதல் சிங்கம்.

"அப்பா, நவ்! அம்மாவை உட்காரச் சொல்லு, ப்ளீஸ்!"

"இரு கண்ணு, அம்மாவோட ஒண்ணே ஒண்ணு. அடுத்தது உனக்குத்தான்."

அந்த ஒண்ணே ஒண்ணுக்கு சரசு கண்ணாடியைக் கழற்றினாள். சிங்கம் எழுந்து புதருக்குள் போய்விட்டது. காவ்யா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். "யூ ப்ராமிஸ்ட்" என்றாள். பழைய மூன்றோடு இதுவும் சேர்ந்தது.

மூன்றாம் நாள் முழுக்கச் சுற்றியும் சிங்கத்தின் வால்கூடக் கிடைக்கவில்லை. ஒன்பது மணி நேரம் குலுங்கியதில் எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. லாட்ஜுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், கொண்டுபோன ஆறு ரோலில் மிச்சம் மூன்று படங்கள். லாட்ஜ் கடையில் ஃபிலிம் தீர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம்.

நான்காம் நாள், கடைசிக் காலை. ஒன்பது பத்துக்கு, ஊர் திரும்பும் வழியில், புல்லுக்குள்ளிருந்து பிடரியோடு ஒன்று எழுந்து வந்தது. நேராக எங்கள் வண்டிக்கே வந்தது. வெயிலுக்கு ஒதுங்க அந்தச் சமவெளியில் வேறு நிழல் இல்லை. வண்டியின் நிழலில், காவ்யாவின் ஜன்னலுக்குக் கீழே, ஐந்தடி தூரத்தில் பொத்தென்று படுத்தது. கொட்டாவி விட்டது. அந்த வாய்க்குள் ஒரு குடும்பம் தாராளமாக வாடகைக்கு இருக்கலாம்.

"யாரும் சத்தம் போட வேண்டாம். எஞ்சினை எடுக்க மாட்டேன்," என்றார் சாமுவேல், உதடு அசையாமல்.

நானும் சரசுவும் கூரைக்கு வெளியே தலையை நீட்டியபடி சிலையாக நின்றோம். லென்ஸைத் திருப்பினேன். எல்லாம் ஒரே மங்கல். பீரங்கிக்கு ஐந்தடியில் இருப்பது தெரியாதாம்! அவசரமாக அதைக் கழற்றிச் சின்ன லென்ஸை மாட்டும்போது அதன் மூடி நழுவி, வண்டிக்கு வெளியே, சிங்கத்தின் முன்னங்காலருகே டக்கென்று விழுந்தது.

சிங்கம் தலையைத் தூக்கியது. மஞ்சள் கண் என்னை மேலும் கீழும் அளந்தது. நான் செய்த பாவங்கள், செய்யப்போகும் பாவங்கள் எல்லாவற்றுக்கும் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அரை நிமிடமோ அரை யுகமோ கழித்து, இது தின்னத் தேறாது என்று முடிவு செய்து, தலையைக் கீழே போட்டது.

என் பக்கத்தில் சரசுவின் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது. "ஏங்க," என்று மூச்சாகச் சொன்னாள், "எடுங்க..."

என் வாயும் திறந்தது. கீழே காவ்யா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது. கேட்டுக் கேட்டு ஓய்ந்த முகம்.

கேமராவை அவள் கையில் இறக்கினேன். "மூணுதான் இருக்கு. நீயே எடு."

மூன்று க்ளிக். நாற்பது நிமிடம் கழித்துச் சிங்கம் எழுந்து தன் வழியே போனது. லென்ஸ் மூடியை எடுக்க யாரும் இறங்கவில்லை.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நல்ல சமயம். ஃபிலிம் நாளுக்கு நாலு ரோல் கணக்கு வையுங்கள். அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். நீள லென்ஸ் ஒன்று போதாது, சின்னதும் வேண்டும். தடுப்பூசிக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். முதுகுவலிக்காரர்கள் நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு யாரையும் விருந்துக்குக் கூப்பிடாதீர்கள். நான் கூப்பிட்டு, சாம்பார் பரிமாறும்போதே தூங்கிப்போனேன். ஒரு ரோலைப் பிள்ளை கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இர்விங்கில் ஒரு மணி நேர போட்டோ கவுண்டரில் படங்கள் வந்தன. இருநூறு சரசுக்கள், பின்னால் ஆங்காங்கே புள்ளியாக ஆப்பிரிக்கா. காவ்யா எடுத்த மூன்றில் ஒன்று ஆட்டம், ஒன்றில் காது மட்டும். மூன்றாவது துல்லியம்: சிங்கம் முழுசாக, கண் மூடி. ஆனால் அதற்கு அப்பால் புல்லில் விழுந்த வண்டி நிழலின் விளிம்பில், தொப்பியோடு ஒரு தலையின் நிழல்; பக்கத்தில் முடியை ஒதுக்கும் ஒரு கையின் நிழல்.

"அப்பா, யூ ஆர் இன் இட்," என்றாள்.

"வேணும்னா அந்த ஓரத்தை கட் பண்ணிடலாம்மா."

உற்றுப் பார்த்தாள். "அம்மா ஹேர் சரி பண்றா!" சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. "நோ, நோ. லீவ் இட்."

காரில் ஏறியதும் பேச ஆரம்பித்தாள். சிங்கத்தின் மீசைப் புள்ளிகள், அதன் வாசனை, லென்ஸ் மூடி விழுந்த சத்தம், ஃப்ரீமான்டுக்கு எழுதப்போகும் கடிதம் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு பத்து நிமிடம்தான். எனக்கோ உடம்பெல்லாம் தூக்கம். ஆனாலும் ஹைவேயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் எங்கள் எக்ஸிட் வந்தபோது இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை.