கிரேன்காரருக்கு வாரம் ஒரு ஊசி

என் அக்கா வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுபவர். இருபது மாடி உயரத்தில், ஓர் ஆள் உட்கார மட்டும் இடமுள்ள கண்ணாடிக் கூண்டில் அவருக்கு வேலை. கீழே நின்று கைச்சாடை காட்டுபவன் நான். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் 'தூக்கு'. உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டினால் 'நிறுத்து'. அங்கே என் கை அசைந்தால்தான் மாமா இரும்பை அசைப்பார். வீட்டில் என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. மாத்திரைக்கு மசியவில்லை. அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் கிரேன் ஏற முடியாது என்று கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்சுலின் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி, மேலே மயங்கிவிடுவாரோ என்ற பயம் வேறு.

"தரையில எனக்கு என்னடா வேலை இருக்கு?" என்றார் மாமா.

சர்க்கரை டாக்டர்தான் வழி சொன்னார். "சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனை அனுப்பும். இன்சுலினை விடுன்னு கணையத்துக்கும், போதும்னு மூளைக்கும் அது சொல்லும். இந்த ஊசி மருந்தும் அதையேதான் செய்யுது. சர்க்கரை ஏறியிருந்தாத்தான் இன்சுலினைக் கிளப்பும். அதனால திடீர்னு இறங்குற ஆபத்து கம்மி. வாரம் ஒண்ணு போதும்."

"மாமா, உங்க வயித்துக்குள்ளயே சாடை காட்ட எனக்கு ஒரு கூட்டாளி!" என்று துள்ளினேன்.

இருபது மாடி ஏறுகிற மனுஷன் ஊசியைப் பார்த்ததும் கட்டிலைச் சுற்றி ஓடினார். அக்கா மடக்கிப் பிடித்து வயிற்றில் போட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சு, கண்ணைத் திறங்க" என்றாள். ஆரம்பத்தில் குமட்டல் பாடாய்ப் படுத்தியது. லீவு போட்டுச் சுருண்டு கிடந்தார். பிறகு ஒருநாள் அக்கா இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போக, மாமா உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டினார். நிறுத்து! கல்யாணமான நாளிலிருந்து அக்கா பார்க்காத அதிசயம். கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

பரிசோதனை முடிவு வாங்கக் கம்பெனி டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், "நீ உள்ள வராதே, எனக்குப் படபடப்பா வருது" என்று என்னைத் தெருவின் எதிர்ப்பக்கமே நிறுத்திவிட்டார். வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு மாமா?" என்று கத்தினேன். நடுவில் ஓடிய வண்டி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

மாமா மெதுவாக வலது கையை உயர்த்தினார். சுட்டுவிரலை மேலே நீட்டினார். சுழற்றினார், சுழற்றிக்கொண்டே இருந்தார்.

இத்தனை வருஷமாக அவருக்குச் சாடை காட்டிய நான், அன்று அவர் காட்டிய சாடைக்குத் தெருவென்றும் பார்க்காமல் எம்பி எம்பிக் குதித்தேன்.