மூக்கில் நாரை இல்லாத வண்டி

எர்மெஸ் கொவோனிக்கு நான் ஒன்பதாயிரம் யூரோ கடன்பட்டிருந்தேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஐம்பத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் நான் கைநீட்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பனாரோ ஆற்றங்கரையில் மாட்டுக்கொட்டகையாகக் கிடந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரே ஒரு வெல்டிங் கருவியோடு தொடங்கி, பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பட்டறையாக ஆக்கியவன். ஸ்கார்தோவி ஸ்போர்ட்ஸ் காருக்குச் சைலன்சர் செய்வது நான்தான். அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பானே, அந்தச் சத்தம் என்னுடையது. இஞ்சினியர்கள் படம் போட்டுக் கொடுத்தார்கள், உண்மைதான். படத்துக்குச் சத்தம் வராது.

2003 வசந்தத்தில் ஸ்கார்தோவி கம்பெனி எனக்கு அறுபத்தோராயிரம் யூரோ பாக்கி வைத்திருந்தது. வருஷத்துக்கு முந்நூறு கார் விற்றவர்கள் நூற்றிப்பத்துக்கு இறங்கியிருந்தார்கள். அதற்கு மேல், மூன்று வருஷமாக ஒரு எஸ்யூவி செய்துகொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களின் பாக்கியெல்லாம் அந்த உயரமான வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. என் ஆட்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டது. இன்னொரு மாதம் நின்றால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை எர்மெஸ் பட்டறைக்கு வந்து ஓர் உறையை மேசைமேல் வைத்தான்.

"என்னது இது?"

"வீட்டுக் கூரை மாத்த வச்சிருந்தேன். அது இன்னும் தாங்கும். ஆளுங்களுக்குக் குடு."

"நான் உங்கிட்ட கேட்டேனா?"

"நீ கேக்க மாட்டே. அதான் கொண்டாந்தேன்."

"எப்பத் திருப்பித் தரணும்?"

"கம்பெனி உனக்குக் குடுத்ததும் நீ எனக்குக் குடு."

பத்திரம் இல்லை, வட்டி இல்லை. அதே கம்பெனியில் வேலை பார்த்த அவனுக்கே பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது.

இந்த எர்மெஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் முதலாளியைப் படம் எடுப்பார்கள், காரைப் படம் எடுப்பார்கள். எர்மெஸை யாரும் எடுத்ததில்லை. தன்னைப் பற்றிப் பேச அவனுக்கு வராது. எனக்கு அந்த வேலை நன்றாக வரும், அவனுக்கும் சேர்த்து நானே செய்கிறேன்.

சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், கார் கழுவுகிற வேலைக்கென்று ஸ்கார்தோவிக்கு வந்தான். ஐந்து வருஷம் கழுவினான். ஒரு நாள் பெரியவர் ஸ்கார்தோவி ஒரு காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். துணியைப் பிழிந்தபடியே எர்மெஸ், "வலது பின்சக்கரத்துல பேரிங் போயிடுச்சுங்க" என்றான். இஞ்சினியர்கள் சிரித்தார்கள். கழற்றிப் பார்த்தார்கள், போயிருந்தது. மறுநாளிலிருந்து அவன் சோதனை ஓட்டுநர்.

ஸ்கார்தோவியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரும் மூக்கில் சின்னம் இல்லாமல்தான் தொழிற்சாலையை விட்டு முதல்முறை வெளியே போகும். எங்கள் சின்னம் பித்தளை நாரை. காலை ஏழு மணிக்கு எர்மெஸ் காரை எடுப்பான். ஆற்றோரமாகப் போய், மலையேறி, கணவாய்வரை சென்று, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்புவான். தொண்ணூறு கிலோமீட்டர். குறை ஏதும் கண்டால் காகித நாடாவைக் கிழித்து டாஷ்போர்டில் ஒட்டி, பென்சிலால் எழுதுவான். சரிசெய்தபின் மறுநாள் அதே பாதை. குறை ஒன்றும் இல்லையென்றால், சட்டைப் பையிலிருந்து நாரையை எடுத்துக் காரின் மூக்கில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவான். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. எண்பத்தெட்டில் அவன் கால் முறிந்து படுத்தபோது, நாற்பது நாள் கார்கள் மொட்டை மூக்கோடு முற்றத்தில் நின்றன. வாங்கியவர்கள் தொலைபேசியில் கத்தினார்கள். பெரியவர் காத்திருந்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் ஐயாயிரம் நாரைகளாவது அந்தக் கட்டைவிரல்களுக்குக் கீழே போயிருக்கும். அவன் சொந்த வண்டி கதவு நசுங்கிய சின்ன ஃபியட்.

பெரியவருக்குப் பின் மகள் மரிலேனா முதலாளி ஆனாள். எஸ்யூவி அவளுடைய முடிவு. செப்டம்பர் முடிவதற்குள் முதல் முப்பது வண்டிகள் மிலான் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தால்தான் வங்கி பணம் விடும், அந்தப் பணத்தில்தான் எங்கள் பாக்கி தீரும் என்று அவள் எங்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இடம் லெயார்கோவின் பார். லெயார்கோ பகலில் கசாப்புக்கடை, மாலையில் பார்.

"நாரைய ஜீப்பு மேல உக்கார வைக்கிறாங்களாம்" என்றான் அவன், எங்களுக்குச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொடுத்தபடி. "நானும் ஒண்ணு வாங்கப் போறேன். பன்னி ஏத்திட்டு வர சவுரியமா இருக்கும்."

"உங்கிட்ட பன்னிதான் இருக்கு, காசு எங்க இருக்கு?" என்றேன்.

"நீ ஏன் பேச மாட்டே துய்லியோ, உனக்குப் பாக்கி வரணும். நாளைக்கு நாரைய ஃப்ரிட்ஜுல ஒட்டினாலும் கைதட்டுவே. ஒரு தடவ மலிஞ்ச பேரு திரும்ப ஏறாதுய்யா. மிலான்காரி பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிப்போற வண்டியும் ஸ்கார்தோவி, பந்தயத்துல ஜெயிச்சதும் ஸ்கார்தோவின்னா, எவன் மதிப்பான்?"

சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. "எர்மெஸ், நீ சொல்லு" என்றேன்.

எர்மெஸ் சீட்டைப் போட்டான். "பெரியவரு மொதமொதல்ல நாரைய எதுமேல ஒட்டினாரு? வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்பு மேல. எங்கப்பா அதுலதான் இறைச்சாரு. நல்ல பம்பு."

"அப்ப நீ எஸ்யூவி பக்கமா?"

"நான் இன்னும் ஓட்டலயே" என்றான். அவ்வளவுதான்.

ஜூலையில் முதல் வண்டி வெளியே வந்தது. வெள்ளை நிறம், என் தோள் உயரத்துக்குப் பானெட். சைலன்சர் நான் செய்தது. அதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, இதை ஸ்கார்தோவி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று. அதனால் ஸ்போர்ட்ஸ் காரின் இறுக்கத்துக்கே ஸ்பிரிங்கை வைத்தார்கள். நானும் அதே குழாய், அதே வளைவு, அதே கர்ஜனை என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். மலையடிவாரத்தில் இருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்த வண்டி என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலை.

மதியம் எர்மெஸ் திரும்பினான். வாசலில் மரிலேனா, வங்கிக்காரர், பட்டறைக்காரர்கள், ஊரில் பாதி. அவன் இறங்கினான், கதவைச் சாத்தினான். கை சட்டைப் பைக்குப் போகவில்லை. வண்டி மொட்டை மூக்கோடு நின்றது.

டாஷ்போர்டு நாடாவில் இரண்டே வார்த்தை. சத்தம். ஸ்பிரிங்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "என் சத்தத்துல குறையா? முப்பது வருஷமா இந்தச் சத்தத்துக்குத்தானேடா நாரை ஒட்டினே?"

"ஆமா."

"இப்ப மட்டும் என்ன? உனக்கு வண்டியப் புடிக்கல, பழி என் குழாய்மேலயா? இது போகலன்னா என் பட்டறை போகும். உன் ஒம்பதாயிரமும் போகும், தெரியுமா?"

"தெரியும்" என்றான், அதே குரலில். "காலைல ஏழு மணிக்கு வா. பக்கத்துல உக்காரு."

விற்பனை மேலாளர் மரிலேனாவின் காதோரம் ஏதோ சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. நாரைப் பெட்டி ஸ்டோரில்தான் இருக்கிறது, ஸ்டோர்காரனே முப்பதையும் ஒட்டிவிடலாம், மிலானில் யாருக்குத் தெரியப் போகிறது என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒட்டட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மரிலேனா அவரைப் பார்த்தாள், முற்றத்தில் வேலையை நிறுத்திவிட்டு நின்ற ஆட்களைப் பார்த்தாள். பிறகு ஸ்டோருக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து எர்மெஸ் கையில் கொடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். செப்டம்பர் முப்பது, எர்மெஸ். அத மட்டும் மறந்துடாதீங்க. எனக்கு அதுக்கப்புறம் ஒரு நாளும் கெடையாது."

"மறக்க மாட்டேம்மா."

மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றோரச் சாலையில் ராஜபோகமாக இருந்தது. என் சத்தம் என்னைச் சுற்றி நிறைந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபதாவது கிலோமீட்டரில் நெற்றியில் ஏதோ தட்ட ஆரம்பித்தது. வளைவுகள் தொடங்கியபின் பல் கூசியது. தாழ்ந்த காரில் சத்தம் பின்னால் போய்விடும். இந்த உயரமான கூடு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டதுபோல. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் குடல் ஒருமுறை தொண்டைக்கு வந்து போனது. எர்மெஸ் ஏதோ கேட்டான்.

"என்ன?" என்றேன்.

மறுபடி கேட்டான். உதடு மட்டும் அசைந்தது.

"என்னடா?"

கணவாயில் இஞ்சினை நிறுத்தினான். காது விடாமல் இரைந்தது. நான் இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை வெளியே விட்டேன்.

"நான் கேட்டது, பின்சீட்டுல உன் பொண்டாட்டிய உக்கார வச்சு இப்படி நூறு கிலோமீட்டர் வருவியான்னு" என்றான்.

"அவ என்னைக் கொன்னுடுவா."

"மிலான்காரியும் அதத்தான் செய்வா. ஒரு தடவ ஓட்டிட்டு, ஸ்கார்தோவின்னா இப்படித்தான்னு ஊரெல்லாம் சொல்லுவா. லெயார்கோ பயப்படறானே பேரு கெட்டுடும்னு, அது இப்படித்தான் கெடும். உயரத்தால இல்ல." வண்டியின் பக்கவாட்டில் கைவைத்தான். "இது நல்ல வண்டி, துய்லியோ. இத்தன கனத்த வச்சுக்கிட்டு வளைவுல எப்படி நிக்குது பாத்தியா? பாவம், நாமதான் அதுக்கு வேற ஒருத்தன் சட்டைய மாட்டி விட்டிருக்கோம்."

என் வேலையை இஞ்சினியர்கள் குறை சொன்னதுண்டு. நான் பதிலுக்குக் கத்தியதும் உண்டு. அன்று வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். இறங்கி வரும் வழி முழுவதும் காதில் துணியை வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப்பின் நான் செய்ததை என் வாயாலேயே சொல்கிறேன், வேறு யாரால் சொல்ல முடியும். ஐந்து வாரத்தில் ஒன்பது சைலன்சர் செய்து எட்டைக் குப்பையில் போட்டேன். கர்ஜனையைக் கொல்லக் கூடாது, உள்ளே வரவும் கூடாது. குழாய்க்கு நடுவில் இன்னோர் அறை வைத்து, வாயைப் பின்பக்கம் திருப்பி, தகட்டின் கனத்தை ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு குரல் பிடித்தேன். வெளியே நிற்பவனுக்கு ஸ்கார்தோவி என்று தெரியும். உள்ளே இருக்கிறவன் பேசலாம். அந்தப் பக்கம் இஞ்சினியர்கள் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எர்மெஸ் மலையேறினான். ஆகஸ்ட் வெயிலில், ஊரே கடற்கரைக்குப் போய்விட்ட நாட்களில், அவன் மட்டும் போய்ப் போய் வந்தான். ஒவ்வொரு முறையும் நான் வாசலில் நின்று அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் நாடாவில் ஏதாவது எழுதியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போவேன்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி நாடா வெறுமையாக இருந்தது. எர்மெஸ் இறங்கி, முன்பக்கம் வந்து, பையிலிருந்து நாரையை எடுத்தான். பானெட் உயரம் என்பதால் குனியத் தேவையில்லை. நின்றபடியே இரண்டு கட்டைவிரலால் அழுத்தினான். யாரும் கைதட்டவில்லை. மரிலேனா மட்டும் திரும்பி அலுவலகத்துக்குள் போய் ஐந்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீதி இருபத்தொன்பதையும் அவன் ஒவ்வொன்றாக மலைக்குக் கொண்டுபோனான், பெரும்பாலான நாள் காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் ஒன்று. முப்பதாவது வண்டி இருபத்தேழாம் தேதி லாரியில் ஏறியது.

இன்று ஸ்கார்தோவி விற்கிற மூன்று வண்டியில் இரண்டு எஸ்யூவி. அந்தக் காசில் ஸ்போர்ட்ஸ் காரும் முன்பைவிட நன்றாகச் செய்கிறார்கள். லெயார்கோ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் பாரில் எஸ்யூவி சாவியோடு வருகிறவர்களிடம் காப்பிக்கு அதிகம் வாங்குகிறான் என்று எனக்குச் சந்தேகம். பெயர் கெடுமா கெடாதா என்று படித்தவர்கள் புத்தகம் எழுதுகிறார்களாம். என்னைக் கேட்டால், மலைக்குப் போய்வர ஓர் எர்மெஸ் இருக்கிற கம்பெனி எதை வேண்டுமானாலும் செய்யலாம். இல்லாத கம்பெனி, எல்லோரும் கும்பிடுகிற அந்தத் தாழ்ந்த காரைக்கூடத் தொடாமலிருப்பது நல்லது.

எனக்குப் பணம் அக்டோபரில் வந்தது. வங்கியிலிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போனேன். எர்மெஸ் அப்போதுதான் ஒரு காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

"உறையோட குடுத்துடறேன்" என்றேன்.

"உறையோட வேண்டாம். எண்ணு."

"என்ன, நம்பிக்கை இல்லயா?"

"முழுசா ஒம்பதாயிரத்த ஒரே நேரத்துல எங்கையில யாரும் எண்ணி வச்சதில்ல. ஒரு தடவ பாக்கணும்னு ஆச. நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவன், நான் நாலு. சத்தமா எண்ணு."

கட்டைவிரல் ரேகை தேய்ந்த அந்தக் கையை நீட்டினான். முற்றத்தின் நடுவில் நின்று, ஐந்நூறு யூரோ நோட்டுகளை ஒன்று, இரண்டு என்று எல்லோருக்கும் கேட்கும்படி பதினெட்டுவரை அவன் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.