ஆட்டுத் தொடையில் பார்த்த என் முழங்கால்

அன்று உத்தமபாளையம் கறிக்கடையில் இருந்தது மூன்று பேர்: கறிக்கடை பாய், நான், கொக்கியில் தொங்கிய ஆடு. என் முழங்காலில் ஜவ்வு கிழிந்திருப்பதாக டாக்டர் சொல்லி மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. திராட்சைப் பெட்டி சுமக்கிற எனக்குக் கால் போனால் சோறு போச்சு. ஏழாவதோடு படிப்பை விட்டவன். டாக்டரிடம் திருப்பிக் கேட்கப் பயம்.

"பாய், ஜவ்வுன்னா என்ன?"

கத்தியை லுங்கியில் துடைக்காமல் அவர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார். துடைத்துவிட்டு, ஆட்டுத் தொடையை இறக்கி மூட்டைப் பிரித்தார்.

"இங்கன பாருங்க. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்குல்ல, இந்த வெள்ளை நாருதேன். சதையில ரத்தம் ஓடுது, வெரசாச் சேரும். இதுல ரத்தமே காணோம், மெதுவாத்தேன் சேரும்."

"சேருமா, சேராதா?"

"ஆடு இதுக்கு மேல சொல்லலண்ணே."

பிரித்த தொடையை நிறுத்து என் பையில் போட்டார். "பாடம் நடத்துனத வேற யாரும் வாங்க மாட்டாக. காசு இப்ப வேணாம். நொண்டாம நடந்து வந்து குடுங்க."

கால் தேறிவிட்டது, பெட்டியும் சுமக்கிறேன். ஆனால் கடையை நெருங்கும்போது அவர் கத்தியைத் துடைத்தபடி என் காலையே பார்க்கிறார். எனக்கு எப்படியோ நொண்டல் வந்துவிடுகிறது.

"இன்னும் சேரலையாக்கும்? மெதுவாக் குடுங்கண்ணே."

எண்ணூறு ரூபாய் இன்னும் பாக்கி.