அறுபது துடிப்பு மணிக்கூடு

லண்டன் டூட்டிங் வீட்டில், சவிரிமுத்துவின் குசினி மணிக்கூடு ஒருநாளும் சரியான நேரம் காட்டியதில்லை. அது கரீபியன் தீவொன்றுக்காகச் செய்யப்பட்டது. அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது தரம் துடிக்கும், லண்டனில் ஐம்பது. துடிப்பை எண்ணி ஓடும் மணிக்கூடு இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். காலையில் திருத்தி வைத்தால் பொழுதுபட இரண்டு மணித்தியாலம் பின்னால் நிற்கும்.

“இதை நம்பி ஷிப்டுக்குப் போயிருந்தா என்னை எப்பவோ வேலையால நிப்பாட்டியிருப்பாங்கள்,” என்பார் மனைவி இம்மாகுலேற்.

எண்பதுகளில் மன்னாரிலிருந்து அந்தத் தீவுக்கு மின்கம்பி இழுக்கும் லைன்மனாகப் போனவர் சவிரிமுத்து. “தீவில வேலை செய்தனான்” என்றால் டூட்டிங் தமிழ்க் கடைகளில் “நெடுந்தீவோ, அண்ணை?” என்று யாழ்ப்பாணப் பக்கத் தீவைக் கேட்பார்கள். அவர் போனபோது அந்தக் கரீபியன் தீவில் கடற்கரைப் பட்டினத்தில் மட்டுமே கறண்ட். அதுவும் டீசல் எஞ்சின் ஓடும்வரைதான். மலைக்கு லொறி ஏறாது. கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள்.

கடைசி ஊருக்கு வெளிச்சம் வந்த அன்று பள்ளிக்கூடச் சுவரில் இந்த மணிக்கூட்டை மாட்டினார்கள். காற்றுக்கு மரம் விழும், வயர் அறும், மணிக்கூடு நிற்கும். சவிரிமுத்து ஏறிப்போவார். வயரைக் கட்டி, முள்ளைத் திருப்பி வைத்து, தலைமை ஆசிரியை கொடுக்கும் கொக்கோவைக் குடித்துவிட்டு இறங்குவார்.

“மிஸ்டர் சவிரி, என்ர பிள்ளையளை விட உன்ர கறண்ட்தான் கூட லீவு எடுக்குது,” என்று அந்த மனுசி பகிடி பண்ணுமாம்.

பிறகு நல்ல கம்பி வந்தது. கறண்ட் நிற்கவில்லை. அவரை யாரும் கூப்பிடவுமில்லை. அவர் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

போன வருடம் இருதயம் தளர்ந்து, அவரால் கதிரையில் ஏறி மணிக்கூட்டைத் திருத்த ஏலாமல் போனது. மகள் அனோஜினி, ரயில் சிக்னல் பொறியியலாளர், வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து முள்ளைத் திருப்பினாள். ஒரு பிளேன்ரீ குடிப்பாள்.

“உங்கட ரெயின் இண்டைக்கும் படுத்திட்டுதாமே.”

“அது சிக்னல் இல்லை அப்பா. ட்ரைவர் வரேல்லை.”

“லைன்மனும் அப்பிடித்தான் சொல்லுறது.”

பிழையாக ஓடும் ஒன்றை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐம்பது துடிப்பை அறுபதாக்கும் சின்னப் பெட்டியொன்றைச் செய்து, மணிக்கூட்டுக்கும் சுவருக்கும் இடையில் பூட்டினாள். மணிக்கூடு சரியாக ஓடியது.

சவிரிமுத்து நெடுநேரம் அதைப் பார்த்தார். “நல்ல வேலை, பிள்ளை. இனி நீ ஒவ்வொரு நாளும் வரத் தேவையில்லை.”

அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். ஞாயிறு பூசை முடிந்த பிறகு மட்டும் வந்தாள். ஒரு புதன்கிழமை காலை அவர் குசினிக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, இம்மாகுலேற் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா காலமையில வாசல் கதவைப் பாத்துக்கொண்டுதான் இருப்பார். ‘அவளைக் கூப்பிடுங்கோவன்’ எண்டன். ‘கறண்ட் நிக்காட்டி லைன்மனை ஆர் கூப்பிடுறது’ எண்டார்.”

அனோஜினி கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். பெட்டியைக் கழற்றி, மணிக்கூட்டின் பிளக்கை நேரே சுவர்ச் சொக்கற்றில் குத்தினாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்? பிந்தப்போகுது.”

“ஓம் அம்மா. நாளைக்குக் காலமை வந்து திருத்துறன்.”