கதவுக்குள் தண்ணீர்

காரில் உட்கார்ந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவுப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொள்வது என் வழக்கம். சுனாமியில் எங்கள் தீவுக்குள் கடல் ஏறி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சிப்பிகாட்டில் எங்கள் வயல் இன்றும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்.

அவருடைய உயிர் பழைய அம்பாசிடர் ஒன்றில் இருந்தது. அதன் கதவுகளின் உட்பக்க அட்டை பூஞ்சை பிடித்து உதிர்ந்துவிட்டது. மெயின்லாண்டிலிருந்து புது அட்டை கப்பலில் வந்து சேரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. கனமான பிளைவுட்டை அறுத்து, பச்சை ரெக்ஸின் ஒட்டி, நாலு கதவுக்கும் தானே மாட்டினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் கதவின் அடியிலிருந்த சின்ன ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்துவிட்டார். இங்கே எல்லாரும் அப்படித்தான். உப்புக்காற்றுக்குப் பயந்து கண்ணில் படுகிற ஓட்டையையெல்லாம் அடைப்போம்.

"கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி உள்ள இறங்குமே, அது எப்படிங்க வெளிய போகும்?" என்று கேட்டேன்.

"அரே, குச் நஹி ஹோகா. ஒண்ணும் ஆகாது. நீ போய் டீ போடு."

போட்டேன். எரிச்சலில் சர்க்கரை போடவில்லை.

மழை பிடித்தது. கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே சளக் என்று சத்தம் வந்தது. அடிப்பக்கம் பச்சை ரெக்ஸின் உப்பிக்கொண்டே போனது. கதவுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னேன். சிரித்தார்.

ஒருநாள் பெரார்கஞ்சில் எங்கள் தோட்டத்துக்குத் தென்னங்கன்று ஏற்றிக்கொண்டு போனோம். பின் சீட்டில் கூரை முட்டக் கன்றுகள். சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரியில் காரை ஏற்றிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவர் பக்கக் கதவை ஒட்டி ஒரு லாரி வந்து நின்றது. மழைக்காக என் பக்கக் கண்ணாடி ஏற்றியிருந்தது.

போட் நகர்ந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் சளக், சளக் என்றது. கை தானாகப் பிடியை இழுத்தது. அசையவில்லை. கண்ணாடியை இறக்கும் பிடியும் அசையவில்லை. நனைந்து ஊதிய பலகை எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருந்தது. எட்டி ஹாரனை அமுக்கினேன். படகோரக் கம்பியில் சாய்ந்து நின்ற அவர் திரும்பிப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டினார். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கடைசியில் வந்து வெளியிலிருந்து திறந்தார். சுலபமாகத் திறந்தது.

"பாரு, திறக்குதுல்ல? பயந்தாங்கொள்ளி!"

இறங்கினேன். "நீங்க கொஞ்சம் உள்ள உக்காருங்க" என்றேன். சிரித்தபடியே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன்.

முதலில் ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்தது, எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. என் கை வெளிப்பிடியின் மேல்தான் இருந்தது. அக்கரை நெருங்கும்வரை நான் அதை அழுத்தவில்லை.