சின்னக் குழந்தை கேட்டவர்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘ஸ்கேல்’ என்று பெயர். இருபத்தைந்து வருடமாகச் செருப்புக்கடையில் வேலை. வாசலில் நுழைகிற காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

தத்தெடுக்க மனுப் போட்டபோதும் அதே திமிர்தான். கைக்குழந்தைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சொந்த வீடு, நிலையான சம்பளம், நோய்நொடி கிடையாது, தகுதிக்கு என்ன குறைச்சல் என்று அதிகாரியம்மாவையே கேட்டார். அந்த அம்மா இருவர் வயதையும் கூட்டிப் பார்த்தார். தத்தெடுக்கலாம், ஆனால் இந்த வயதுக்கு வளர்ந்த குழந்தையைத்தான் தர முடியும் என்றார். அத்தானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அக்காதான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள்.

எட்டு வயதுப் பெண் வந்தாள். வந்த வாரமே அத்தான் முன்னறையில் என்னிடம் புலம்பினார்.

“சின்னதா ஒண்ணு கெடைக்கும்னு இருந்தேன் மாப்ள. வளந்ததைத் தலையில கட்டிட்டாங்க.”

நானும் ஒப்புக்கு ‘ஆமா’ போட்டுவைத்தேன். கதவோரம் அவள் தண்ணீர் டம்ளரோடு நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன். இன்றுவரை அது என்னை அரிக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் ஷூ வாங்க அவளைத் தன் கடைக்கே அழைத்துப்போனார். பார்த்ததுமே வழக்கம்போல ஒரு நம்பர் சொன்னாராம். ஆனால் சாக்ஸோடு அளவுப்பலகையில் கால் வைத்தபோது அதைவிட ஒரு நம்பர் குறைவாகக் காட்டியது. பலகையை நம்பினார். போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவளும் சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறந்த பத்தாம் நாள் சாயங்காலம் நான் போயிருந்தேன். அக்கா அவளுடைய சாக்ஸைக் கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகால் புண்ணாகி, கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அத்தான் பதறிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்து, கடிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அளக்கும்போது விரலை மடக்கிக்கிட்டேன். சின்னதுதான் வேணும்னு மாமாகிட்ட சொன்னீங்கல்ல.”

அத்தான் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “தப்பு என்னோடதும்மா” என்றார். அதற்குள் அழுதுவிட்டார்.

அவள் பயந்துபோனாள். அவசரமாக இரண்டு கால்களையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அழாதீங்க. இதுக்கு மேல வளர மாட்டேன்.”